இரண்டு கைகளிலும் ஒரே எண்

என் அக்காவுக்குப் பாலத்தில் பெயர் ‘தராசு’. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் அங்கே ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பதினான்கு வருடங்களாக அவளுக்கு ஒரே வேலைதான். மலையைச் சுற்றிப் பார்க்க வருபவர்களை நிறுத்து, எடையைப் புறங்கையில் சிவப்பு மார்க்கரால் எழுத வேண்டும். அதன் பிறகு அவர்கள் காலில் ரப்பர் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாலத்திலிருந்து தலைகீழாகக் குதிப்பார்கள். கீழே ஆறு, ஆறு முழுக்கப் பாறை. நல்லாப் படித்தவர்கள் கூட வரிசையில் நின்று இதைச் செய்கிறார்களே என்று நான் தலையில் அடித்துக்கொள்ளாத நாள் கிடையாது.

நான் ஜீப் டிரைவர். ஊருக்குள் இருக்கும் டிக்கெட் ஆபீசிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு பாலத்தில் இறக்குவேன். குதித்து முடித்து உயிரோடு இருக்கும் சந்தோஷத்தில் அவர்கள் கத்தும் கத்தலைக் கேட்டுக்கொண்டே திரும்ப ஊரில் கொண்டுபோய் விடுவேன்.

எடை பார்ப்பதில் ஒரு கண்டிப்பு இருந்தது. ஊர் ஆபீசில் ஒரு தடவை நிறுத்து இடது கையில் எழுதுவார்கள். பாலத்தில் அக்கா மறுபடி நிறுத்து வலது கையில் எழுதுவாள். அவள் எழுதும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த எண் அவள் கண்ணில் படக்கூடாது. பிறகு கயிற்றுக்காரர் இரண்டு கைகளையும் சேர்த்துத் தூக்கிப் பார்ப்பார். எண் ஒத்துப்போனால்தான் கயிறு. மெல்லியது, நடுத்தரம், தடித்தது என்று மூன்று கயிறுகள் உண்டு. கனமான ஆளுக்கு மெல்லிய கயிற்றைக் கட்டினால் அது வேண்டிய இடத்தில் நிற்காமல் நீண்டுகொண்டே போகும். அதற்கு மேல் விளக்க எனக்குப் பிடிக்கவில்லை.

அக்காவின் கண் ஒரு அதிசயம். ஆள் மெஷினில் ஏறுவதற்கு முன்பே, “எழுபத்தி மூணு” என்பாள். மெஷினும் அதையே காட்டும், மிஞ்சிப்போனால் ஒரு கிலோ முன்னே பின்னே இருக்கும். வந்தவர்கள் கை தட்டுவார்கள். அவளுக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் போயிருந்தது.

சீசன் ஆரம்பத்தில் மழைத் தண்ணீர் உள்ளே போய் பாலத்து மெஷின் செத்துப்போனது. முதலாளி வந்து பார்த்தார்.

“ஒரு வாரத்துல புதுசு வந்துரும்மா. அதுவரைக்கும் உங்க கண்ணே போதும். ஊர்ல எப்படியும் நிறுத்துத்தானே அனுப்புறாங்க?”

அக்காவுக்கு முகமெல்லாம் பல். எனக்கும் பெருமை தாங்கவில்லை. ஜீப்பில் ஏறியவர்களிடமெல்லாம் அவளைப் பற்றி அளந்துவிட்டேன். ஒரு வாரம் மூன்று வாரமானது, மெஷின் வரவில்லை.

மெஷின் இல்லாததால் கையைப் பின்னால் மடக்கும் பழக்கமும் மெல்லப் போய்விட்டது. ஆட்கள் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தார்கள். அக்கா இடது கையைப் பார்ப்பாள், முகத்தைப் பார்ப்பாள், வலது கையில் எழுதுவாள். அத்தனையும் அச்சு அசலாக ஒத்துப்போனது. “தராசுன்னா தராசுதான்!” என்று கயிற்றுக்காரர் மெச்சினார்.

“இடது கையைப் பார்த்து வலது கையில எழுதறதுக்கு நீ எதுக்குக்கா? ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை போதுமே,” என்று ஒரு நாள் சீண்டினேன்.

“நீ ரோட்டைப் பாத்து ஓட்டு. பதினாலு வருஷமா எழுதுறேன், எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டான்,” என்று சீறினாள்.

அந்த வாரமே டிக்கெட் ஆபீசில் ஒன்றைக் கவனித்தேன். வரிசை தெரு வரைக்கும் நீண்டிருந்தது. டிக்கெட்காரர் யாரையும் மெஷினில் ஏற்றவே இல்லை. “வெயிட் எவ்வளவு?” என்று கேட்பார், அவர்கள் வாயால் சொல்வதைக் கையில் எழுதுவார்.

“என்ன சார், மெஷினுக்கு என்ன ஆச்சு?”

“அது நல்லாத்தான்யா இருக்கு. ஒவ்வொருத்தரும் ஷூவைக் கழட்டி மாட்டறதுக்குள்ள விடிஞ்சிரும். மேலதான் உங்க அக்கா இருக்காங்களே, அவங்க கண்ணுக்குத் தப்புமா?”

நான் சிரித்தேன். பாவி, சிரித்தேன்! கீழே இருப்பவர் அக்காவின் கண்ணை நம்பினார். மேலே அக்கா கீழே இருக்கும் மெஷினை நம்பினாள். இரண்டு இடத்துக்கும் போய்வந்த ஒரே ஆள் நான். ஊர் வம்பெல்லாம் பேசும் எனக்கு இதை மட்டும் சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால் அக்கா மறுபடி சீறுவாள் என்று நான்கு நாட்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

நான்காம் நாள் குதித்த ஒரு பெண்ணை மேலே இழுத்தபோது அவள் முடியின் நுனி நனைந்திருந்தது. அவள் சிரித்தாள், கூட வந்தவர்கள் படம் எடுத்தார்கள். கயிற்றுக்காரர் மட்டும் அந்த முடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆத்துச் சாரல்,” என்றார் கடைசியில். அன்று காற்றே இல்லை. அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது. டிக்கெட்காரர் எடையைக் கேட்டதும் அந்தப் பெண் புருஷனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, “அறுபத்திரண்டு,” என்றாள். என் மனைவிக்கு அறுபத்திரண்டு. அது எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. இந்தப் பெண் நிச்சயமாக அறுபத்திரண்டு இல்லை. வழி நெடுக எனக்குக் கியர் சரியாக விழவில்லை. அக்கா பார்த்துக்கொள்வாள், அக்கா பார்த்துக்கொள்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இடது கையைப் பார்த்தாள். மார்க்கரைத் திறந்து, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்து, 62 என்று எழுதினாள். கயிற்றுக்காரர் இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்து, மெல்லிய கயிற்றை எடுத்தார்.

நான் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் அவள் குதிக்கும் பலகையின் நுனிக்கு நகர்வது தெரிந்தது. கால்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். “அஞ்சு! நாலு!”

“நிறுத்துங்க! அவங்களை யாருமே நிறுக்கல!” என்று கத்திக்கொண்டே ஓடினேன். வண்டி பின்னால் உருண்டுபோய் கம்பியில் மோதி நின்றது. கயிற்றுக்காரர் அவள் இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்தார், இருவரும் மல்லாந்து விழுந்தார்கள்.

கேன்டீனில் உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கும் தராசு இருந்தது. அவளை அதில் ஏற்றினோம். “அறுபத்திரண்டுதாங்க, எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்?” என்று புருஷன் தூரத்திலிருந்து சலித்துக்கொண்டான். முள் எண்பத்தொன்றில் நின்றது. அந்தப் பெண் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, சத்தமா சொல்லிடாதீங்க. அவர் நிக்கிறார்.”

அக்கா அவளை இறக்கிவிட்டாள். புருஷனிடம், “காத்து சரியில்ல, இன்னிக்கு யாரும் குதிக்க முடியாது,” என்றாள். கயிற்றுக்காரர் மெல்லிய கயிற்றைக் கையில் வைத்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எடை பார்க்கும் குடிசைக்குப் பின்னால் அக்காவைப் பிடித்தேன். நான்கு நாட்களாகத் தெரிந்தும் சொல்லவில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். “என்னைச் செருப்பால அடிக்கா,” என்றேன். அவள் அடிக்கவில்லை.

“அவ ஜீப்லேர்ந்து இறங்கும்போதே எனக்கு எண்பதுன்னு தெரிஞ்சுதுடா.”

“அப்புறம் ஏன் அறுபத்திரண்டுன்னு எழுதின?”

“கையில அப்படித்தானே இருந்துச்சு? மெஷின் பொய் சொல்லுமா? எனக்குத்தான் கண்ணு போயிடுச்சுன்னு நெனச்சேன். வெளிய தெரிஞ்சா வேலையை விட்டு அனுப்பிருவாங்களேன்னு பயம்.”

“இன்னிக்கு மட்டும்தானே?”

முதலாளி பாலத்தில் நின்று யாரையோ திட்டும் சத்தம் கேட்டது. அக்கா தன் விரலில் இருந்த சிவப்பு மையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“உன்னைத்தான்கா கேக்குறேன். இன்னிக்கு மட்டும்தானே?”

“பத்து நாளாச்சு,” என்றாள். “தினம் நாலு பேராவது. என் கண்ணு ஒண்ணு சொல்லும், கை வேற சொல்லும். கையில இருக்கறதையே எழுதிட்டு, அவங்க மேல வர்ற வரைக்கும் கண்ணை இறுக்கி மூடிப்பேன்.”