வாசித்து ஏற்றுக்கொண்டேன்

நான்கு வருடங்கள் ஒரு பிரெஞ்சுப் பொது ஒலிபரப்பு நிறுவனத்தின் சேர்ந்திசைக் குழுவில் பாடினேன். பெண்குரல்களில் தாழ்ந்த குரல் வரிசை, பின்னால், இடதுபக்கம். பாடுவதற்கு மாதச் சம்பளம் தருவார்கள் என்பதை என் வீட்டார் நம்பவே ஒரு வருடம் பிடித்தது. அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மாவுக்கு அதுவும் வாய்க்கவில்லை. எங்கள் குடும்பத்தில் முழுதாகப் படித்த முதல் ஆள் நான். இசைக் கல்லூரிப் பட்டத்தோடு, எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பல் தெருக்களில் தலை நிமிர்ந்துதான் நடந்தேன்.

ஒரு இலையுதிர் காலத்தில் நிர்வாகம் எங்களைக் கூட்டிச் செய்தி சொன்னது. குழுவுக்கான நிதி குறைக்கப்படும். ஓய்வு பெறுபவர்களின் இடங்கள் நிரப்பப்பட மாட்டா. என்னைப் போல வருடாவருடம் ஒப்பந்தம் புதுப்பிப்பவர்கள் கோடைக்குள் போகவேண்டும்.

வானொலி கேட்பவர்கள் கொதித்தார்கள். கடிதங்கள் வந்து குவிந்தன. ஒரு மதியம் நாங்கள் மேடை உடுப்பில்லாமல், குளிர்கோட்டுகளோடு, நிறுவனத்தின் வாசல் மண்டபத்தில் நின்று பாடினோம். மண்டபம் கொள்ளாத கூட்டம். முன்வரிசையில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதார். முடிந்ததும் துண்டுப் பிரசுரங்கள் தரையெல்லாம் மிதிபட்டுக் கிடந்தன. நாங்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துவிட்டு, அவற்றுக்கு மேலேயே நடந்து ஒத்திகைக்குப் போனோம்.

அன்று எங்கள் தொழிற்சங்கப் பிரதிநிதி ஆளுக்குப் பத்துத் தாள் தந்தார்; குழுவைக் குறைக்கவேண்டாம் என்ற மனு. “இணையத்தில் போடும் கையெழுத்தை அவர்கள் மதிப்பதில்லை. உங்கள் பேட்டைகளில் பேனையால் வாங்கி வாருங்கள்” என்றார்.

என் பேட்டையில் என்னைப் பாடகியாக யாருக்கும் தெரியாது. பத்து வயதிலிருந்து நான் அங்கே படிவம் நிரப்புகிற பிள்ளை. வீட்டு ஒப்பந்தம், வரிக் கடிதம், மருத்துவ அட்டை, எல்லாம் நிரப்பியிருக்கிறேன். கையெழுத்துக்கு மேலே ‘லு எ அப்ருவே’ என்று எழுதவேண்டும், வாசித்து ஏற்றுக்கொண்டேன் என்று அதற்குப் பொருள் என்று நான்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பிரெஞ்சு எழுதத் தெரியாதவர்களும் அந்த மூன்று சொல்லை மட்டும் கோலம் போடுவதுபோல எழுதப் பழகியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதலில் மரக்கறிக் கடை மாமாவிடம் போனேன்.

“எங்கை போடவேணும், பிள்ளை?”

“முதல் என்னெண்டு கேளுங்கோவன், மாமா.”

“நீ கொண்டந்தால் கேக்கிறதுக்கு என்ன கிடக்கு? பேனையைத் தா. அந்த அம்மா முருங்கைக்காயோடை நிக்கிறா.”

போட்டார். வரிசையில் நின்ற அம்மாவும் முருங்கைக்காயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போட்டார். அவரைப் பார்த்து மற்றவர்கள். முடிவெட்டும் கடை, சாப்பாட்டுக்கடைச் சமையலறை, நகைக்கடை. மூன்று மணிக்குள் பத்துத் தாளும் நிரம்பிவிட்டன. கடைசித் தாளின் அடியில் ஒரு வரி மட்டும் மிச்சம்.

பக்கத்தில் மார்க்ஸ் டோர்மோயில் இருந்த எங்கள் கட்டடப் படிக்கட்டில் மூன்றாம் மாடி அக்கா ஏறி வந்துகொண்டிருந்தார். வன்னியிலிருந்து வந்து ஆறேழு வருடம் இருக்கும். அதிகாலையில் துப்புரவு வேலைக்குப் போகிறவர். வேலை எங்கே என்பதும் எனக்குத் தெரியும்: என் நிறுவனத்தில்தான். தாளை நீட்டினேன்.

“வாசியுங்கோ, தங்கச்சி. தமிழிலை சொல்லுங்கோ” என்று படியில் உட்கார்ந்தார்.

நானும் உட்கார்ந்து வரி வரியாகச் சொன்னேன். அன்று முழுக்க நான் அதைச் சொன்னது அவர் ஒருவருக்குத்தான்.

“அப்ப, பாடுற ஆக்களை நிப்பாட்டப் போகினம்.”

“ஓம், அக்கா.”

“உங்களையுமோ?”

“ஓம்.”

“அண்டைக்கு நீங்கள் பாடினாப் பிறகு அந்தத் தாளெல்லாம் நான்தான் கூட்டினனான். நல்லாப் பாடினீங்கள். வண்டிலோடை தூணுக்குப் பின்னாலை நிண்டனான்.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “போன வருசம் எங்கடை வேலை நேரத்தை வெட்டேக்கை, நாங்களும் ஒரு தாளோடை வேலைக்காரர் வாசலிலை நிண்டனாங்கள். ஞாபகமே?”

ஞாபகம் இருந்தது. அவர்தான் தாளை நீட்டினார். தங்கச்சி, ஒரு கையெழுத்து என்றார். என்னோடு இரண்டு பாடகிகள் வந்துகொண்டிருந்தார்கள். நான் நிற்கவில்லை.

“பிறகு எண்டு சொன்னனீங்கள். அதையும் பிரெஞ்சிலை சொன்னனீங்கள்” என்றார். குரலில் கோபம் இல்லை. “இப்பவோ அந்தப் பிறகு?”

நான் தாளை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

“நான் இதிலை போடமாட்டன், தங்கச்சி. உங்களோடை கோவத்திலை இல்லை. போன முறை போட்ட ஆக்களின்ரை பேரைப் பாத்துத்தான் எங்கடை கொம்பனி ஆக்களைக் குறைச்சது. எனக்கு ரெண்டு பிள்ளையள்.” கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். “கடையிலை எல்லாரும் போட்டவையோ? வாசிச்சுக் காட்டினனீங்களோ?”

“இல்லை.”

அவர் மேலே போனார். நான் படியிலேயே இருந்தேன். கடைகளுக்குத் திரும்பிப்போய் எல்லோருக்கும் வாசித்துக் காட்டலாம், வேண்டாம் என்பவர் பெயரை வெட்டிவிடலாம் என்று நினைத்தேன். எத்தனை பெயர் மிஞ்சும் என்பதும் கூடவே மனதில் ஓடியது. மழை தூறத் தொடங்கியிருந்தது. போகவில்லை.

மறுநாள் தாள்களைப் பிரதிநிதியிடம் கொடுத்தேன். அவர் புரட்டிப் பார்த்து வியந்தார். ஒவ்வொரு கையெழுத்துக்கு மேலேயும் அந்த மூன்று சொல். “எங்கள் மனுவை உண்மையிலேயே வாசித்த ஒரே பேட்டை உங்களுடையதுதான்” என்று மற்றவர்களுக்கும் காட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். நான் திருத்தவில்லை.

வசந்தத்தில் முடிவு வந்தது. கையெழுத்துகளுக்கு நன்றி சொல்லி ஒரு பக்கக் கடிதம். நிதி குறைந்தது. ஜூன் மாத இறுதியில் என் அலமாரியைக் காலி செய்தேன். அன்று அக்காவைத் தேடினேன். அவரை வேறு இடத்துக்கு, நகருக்கு வெளியே ஆர்ஜொந்தெய்ப் பக்கம், மாற்றிவிட்டார்கள் என்று வாசல் காவலாளி சொன்னார். ஒரே கட்டடத்தில் இருந்தும் அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்தக் கிழமை கடைக்குப் போனபோது மாமா தேங்காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன பிள்ளை, அண்டைக்குக் கொண்டந்த பேப்பர் சரிவந்துதோ?”

“இல்லை, மாமா.”

“ஆற்றை பேப்பர் அது?”

“என்ரை.”

தேங்காயைக் கையில் வைத்தபடி நிமிர்ந்தார். “உன்ரையோ? நீ இஞ்சை பிறந்தனீ எல்லே? உனக்கென்னத்துக்கு மறுத்தவங்கள்?”

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நின்றேன். அவர் என் மௌனத்தைத் தனக்குத் தெரிந்த விதத்தில் விளங்கிக்கொண்டார்.

“யோசியாதை. திரும்ப அப்பீல் போடு. எனக்கு மூண்டு தரம் மறுத்தவங்கள், நாலாந்தரம்தானே விசா எடுத்தனான்” என்றார். கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினார். “கொண்டா, எங்கை போடவேணும்?”

என் கையில் தாள் எதுவும் இல்லை.