பேட்டரி இல்லாத விருந்தாளி

கடவுள் உலகத்தைப் படைத்து முடித்த கையோடு அதைச் சித்தியிடம் ஒரு தடவை காட்டியிருந்தால் இவ்வளவு கோளாறு வந்திருக்காது. "நிலா எதுக்குத் தேயுது? காரணம் எழுதலையே" என்று திருப்பி அனுப்பியிருப்பாள். "கடல்ல உப்பு யார் கேட்டா? எடு." கடவுளும் மறுபேச்சு பேசாமல் எடுத்திருப்பார். ஏழு கண்டத்திலும் சித்தியைப் போல, அடுத்தவர் எழுதிய கம்ப்யூட்டர் நிரலில் குறை பிடிக்கும் ஒரு கோட் ரிவ்யூக்காரி பிறந்ததில்லை, இனிப் பிறக்கப்போவதும் இல்லை. அவள் கொட்டாவி விட்டால் எங்கோ தூரத்தில் ஒரு சர்வரும் கூடவே கொட்டாவி விடும்.

சித்தி என்றால் தெரு முழுக்கச் சித்திதான். மாடிப்படி பெருக்குகிறவரும் அப்படித்தான் கூப்பிடுவார், அவருக்கு வயது சித்தியைப் போல இரண்டு மடங்கு. முறைப்படி கூப்பிட உரிமை உள்ளவள் ஒருத்திதான், அவளுடைய அக்கா மகள். வீட்டில் வாலு என்று பெயர். பள்ளிக்கூடம் வாலுவை விட்டதா, வாலு பள்ளிக்கூடத்தை விட்டாளா என்பது இன்னும் தீர்ப்பாகாத வழக்கு. இதை எழுதுகிறவளும் அவளேதான் என்பதால் அந்த வழக்கை இங்கே கிளற வேண்டாம்.

சித்தியின் வேலை என்னவென்றால், எங்கோ ஒரு கட்டடத்தில் பெரிய பெரிய கம்ப்யூட்டர்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் இல்லாத கம்ப்யூட்டர்கள் பல ஓடும். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். மென்பொருளால் செய்த பொம்மை, ஆனால் தான் பொம்மை என்று அதற்குத் தெரியாது. கண்விழித்ததும் மயக்கம் தெளிந்த ஆள் மாதிரி கேட்கும்: நான் எங்கே இருக்கேன்? எனக்கு எத்தனை பிராசசர்? மெமரி எவ்வளவு? கடிகாரம் இருக்கா? அப்போது அதன் கையில் ஒரு விவரச்சீட்டு கொடுக்க வேண்டும். பெரிய கம்ப்யூட்டரின் உடம்பில் உள்ளதில் எதைச் சீட்டில் எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்று ஒரு கோட் முடிவு செய்யும். அதை யார் வேண்டுமானாலும் மாற்றி அனுப்பலாம். சித்தி சரி என்றால்தான் உள்ளே போகும்.

பெரியதைச் சித்தி வீட்டுக்காரர் என்பாள், உள்ளே இருப்பதை விருந்தாளி என்பாள். "உனக்கு வீட்டுக்காரர் இல்லைன்னு எவ சொன்னா? கட்டடம் கட்டடமா நிக்கறாங்க" என்று அக்கா சிரிப்பாள். அக்கா பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். நாள் முழுக்க வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களோடு பேசிவிட்டு வருவதால், வீட்டில் எல்லாவற்றையும் பட்டென்று சொல்லிவிடுவாள்.

மற்றவர்கள் கோட் மாற்றத்தைத் திரையில் படிப்பார்கள். சித்தி படித்து முடித்ததும் நாற்காலியை விட்டு இறங்கி, தரையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். அப்போது அவள் விருந்தாளி. கீழே பஸ் நிற்கும் சத்தம் அவளுக்குக் கேட்காது, ஜன்னல் வெயில் கழுத்துவரை வந்தாலும் தெரியாது. சீட்டில் உள்ளது மட்டும்தான் உலகம். இரண்டு பிராசசர் என்று சீட்டு சொன்னால் இருட்டில் இரண்டு விளக்கு எரியும். மெமரி ஒரு நீளமான தாழ்வாரமாக விரியும். செருப்பில்லாமல் அதில் நடந்துகொண்டே போவாள். காலடியில் ஒன்று, அடுத்தது, அடுத்தது என்று ஓடுகள் முளைத்துக்கொண்டே வரும். சீட்டு சொன்ன இடத்தில் கதவு இல்லையென்றால் மூடிய கண்ணோடு முகம் சுளிக்கும். அவ்வளவுதான், மாற்றம் திரும்பிப் போகும்.

ஒருமுறை அப்படிப் படுத்திருந்தபோது வாலு அவளுடைய கால் கட்டைவிரல்களைச் சேர்த்து நூலால் கட்டிவைத்தாள். "இந்த மெஷினுக்குக் கால் ஒண்ணுதானா?" என்று கேட்டுவிட்டு, அவிழ்க்காமலே குதித்துக் குதித்துத் தண்ணீர் குடிக்கப் போனாள் சித்தி. அப்படிப்பட்ட ஆளை வம்பிழுத்து என்ன சுகம்?

ஒரு மத்தியானம் மேலாளர் ஃபோனில் வந்தார். நல்ல மனிதர், கெட்ட செய்தியை இருமிவிட்டுத்தான் சொல்வார்.

"மேடம், இந்தப் பகுதி தெரிஞ்ச ஆள் உங்களை விட்டா வேற யாருமில்லை. உங்களுக்கு ஒரு காய்ச்சல்னா நாங்க எங்கே போறது? அடுத்த வெளியீட்டுக்குள்ள புதுசா ஒருத்தர் இதுல கைவெச்சு, ஒரு மாற்றமாவது உள்ளே வந்தாகணும். இல்லேன்னா இதைத் தூக்கிட்டு வெளியில வாங்கிப் போட்டுக்கலாம்னு மேல பேசிட்டாங்க."

"வந்தாங்களே சார், மூணு பேர்."

"வந்தாங்க. நீங்க 'ஏன்?'னு கேட்டீங்க. போயிட்டாங்க."

சித்தி ஃபோனை வைத்தாள். பால்கனிக்குப் போய், கொடியில் கிடந்த ஈரத்துணியை எல்லாம் எடுத்து அழகாக மடித்து அலமாரிக்குள் அடுக்கினாள். சாயங்காலம் அக்கா அலமாரியைத் திறந்தாள்.

"என்னடி இது, சொட்டச் சொட்ட மடிச்சு வெச்சிருக்கே?"

சித்தி விஷயத்தைச் சொன்னாள்.

"போனாப் போகுது. உனக்கு வேற வேலையா கிடைக்காது?"

"வேலை கிடைக்கும்க்கா. அதுங்க கண்ணு முழிக்கறப்போ பக்கத்துல யாரு இருப்பா?"

 அக்கா துணியை ஒவ்வொன்றாக உதறி மறுபடியும் கொடியில் போட்டாள். வாலு கதவுக்குப் பின்னால் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நாளில் புது ஆள் ஒருவரிடமிருந்து மாற்றம் ஒன்று வந்தது. பெயர் போடும் இடத்தில் 'கொசு' என்றிருந்தது. இங்கிலீஷைக் கல்லில் போட்டு அடித்துத் துவைத்த மாதிரி நாலு வரி. எந்த பிராசசருக்கு எந்த மெமரி பக்கத்தில் இருக்கிறது என்று விருந்தாளிக்குச் சொல்லலாமே, பக்கத்தில் இருப்பதை எடுத்தால் வேலை சீக்கிரம் முடியுமே என்று யோசனை. நல்ல யோசனை. சித்தி சிறுபிள்ளை மாதிரி தரையில் தாவிப் படுத்தாள்.

இருட்டு. எட்டு விளக்கு இருப்பதாகச் சீட்டு சொன்னது. இரண்டுதான் எரிந்தது. ஆறாவதைத் தொடக் கையை நீட்டினாள், கை போய்க்கொண்டே இருந்தது. எட்டு இருந்தது வீட்டுக்காரரிடம்தான்; அவருடைய சீட்டைக் கொசு அப்படியே விருந்தாளிக்குக் காப்பி அடித்துக் கொடுத்திருந்தது.

எழுந்து உட்கார்ந்தாள். விரல் தானாக 'ஏன்?' என்று தட்டியது. அனுப்பப் போனவள் நின்றாள். ரொம்ப நேரம் யோசித்து, அதற்கு முன்னால் 'வணக்கம்' என்று சேர்த்தாள். அவளுக்குத் தெரிந்த இனிப்பு அவ்வளவுதான்.

'ஏன்னா சோம்பேறித்தனம்' என்று பதில் வந்தது. 'திருத்தறேன்.'

சித்தி வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்த அறையில் யாரோ நாற்காலியிலிருந்து விழுந்த சத்தம் கேட்டது. அவள் காதில் விழவில்லை.

இரண்டாம் தடவை விளக்கெல்லாம் சரியாக எரிந்தது. தாழ்வாரத்தில் இதமாக நடந்துகொண்டிருந்தவளுக்குத் திடீரென்று நெஞ்சுக்குள் எதுவோ குறைவது போலிருந்தது. பேட்டரி. வீட்டுக்காரரிடம் மின்சாரம் போனால் தாங்க ஒரு பேட்டரி இருந்திருக்கிறது, அதையும் சீட்டில் எழுதிவிட்டது கொசு. அந்தச் சுவரில்லாத வீட்டில் செருகுவதற்கு ஒரு பிளக் பாயிண்ட் கிடையாது. குறைந்துகொண்டே வருகிறது என்று மட்டும் தெரிகிறது. விருந்தாளி என்ன செய்யும்? பயந்து, கையிலிருக்கும் வேலையைப் பாதியில் போட்டுவிட்டுத் தூங்கிப்போகும். சித்தி கண்விழித்தபோது நெற்றி வியர்த்திருந்தது.

'பேட்டரி வேண்டாம்' என்று எழுதினாள். 'கரண்ட் போனால் பார்த்துக்கொள்ள வேண்டியது வீட்டுக்காரர்.'

'அப்போ அவனுக்கு ஒண்ணுமே தெரிய வேண்டாமா?' என்று கேட்டது கொசு.

சித்தி ஜன்னலைப் பார்த்தாள். கீழே பஸ்ஸுக்கு நிற்கும் ஒரு குழந்தை அம்மாவின் தோளில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. 'அவனால் ஏதாவது செய்ய முடியும் என்றால் சொல்லலாம்' என்று எழுதினாள். 'முடியாததைச் சொன்னால் அது பயம் மட்டும்தான்.'

கொசு அன்று முழுக்கப் பதில் போடவில்லை. சித்தி நாலாவது ஆளும் ஓடிவிட்டது என்றே நினைத்தாள். சாப்பிடும்போது தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். "சாப்பிடு சித்தி, வரும்" என்றாள் வாலு. "என்ன வரும்?" என்று கேட்டதற்கு, "பசி" என்று சமாளித்தாள்.

வெளியீட்டுக்கு மாற்றம் சேர்க்கும் கடைசி நாளில் மூன்றாவது வடிவம் வந்தது. அன்றோடு வாசல் மூடுகிறது. கூடவே மேலாளரின் செய்தி: 'சரின்னு ஒரு சொல் போட்டுடுங்க மேடம், புண்ணியமாப் போகும்.' கோட் சுத்தமாக இருந்தது. போட்டிருக்கலாம். யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் ஒரு விருந்தாளியை எழுப்பிப் பார்த்து, அது என்னவெல்லாம் கண்டது என்ற பதிவையும் கூட அனுப்புவது வழக்கம். சித்தி அதையும் படித்துவிட்டுப் படுத்தாள்.

விளக்குகள் எரிந்தன. மெமரி கைக்கெட்டும் தூரத்தில் விரிந்தது. நெஞ்சு நிறைவாக இருந்தது. அப்படியே மிதந்து போனவள் ஓர் ஓரத்தில், வீட்டுக்காரரின் பெட்டிக்குள் அதன் உரிமையாளர் பதிந்துவைக்கும் பெயர்ச்சீட்டைக் கண்டாள். விருந்தாளி கண்ணில் படவே கூடாத சீட்டு. அதில் ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தது: 'தொட்டா கெட்டே'.

சித்தி கண்ணைத் திறந்தாள். சீட்டில் இப்படி எழுதிவைக்கிற பைத்தியம் உலகத்தில் ஒன்றுதான், அது தரையில் படுத்திருந்தது. அடுத்த அறை மேசைக்கடியில் இருக்கும் தன் பழைய கம்ப்யூட்டருக்கு, ஒரு குறிப்பிட்ட நபரை மனதில் வைத்து, அவளே எழுதியது.

"கொசு," என்று படுத்தபடியே கூப்பிட்டாள். "இங்க வா."

அடுத்த அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. "எந்தக் கொசு சித்தி?"

"தொடாதேன்னு எழுதி வெச்ச பெட்டியைத் தொட்ட கொசு."

வாலு கதவில் பாதி முகத்தை மட்டும் காட்டினாள். "பாஸ்வேர்டை நீதான் சத்தமாச் சொல்லிக்கிட்டே அடிப்பே."

"அந்தப் பஞ்சாயத்து அப்புறம். பெயர்ச்சீட்டு உள்ளே கசியுது. இப்படியே விட்டா எவன் வீட்டு விருந்தாளியும் வீட்டுக்காரன் யாருன்னு கண்டுபிடிச்சுடுவான். நான் சரின்னு போட மாட்டேன்."

"இன்னிக்குக் கடைசி நாளு, சித்தி!"

"அதான் இப்பவே திருத்துன்னு சொல்றேன்."

வெயில் தரையை விட்டு விலகுவதற்குள் திருத்தம் வந்தது. சித்தி இன்னொரு முறை படுத்து எழுந்தாள். 'சரி' என்று போட்டாள். மேலாளருக்கும் எழுதினாள்: 'இந்த ஆள் என் அக்கா மகள். முன்னாடி எனக்குத் தெரியாது. அது தப்பு என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.' சித்தி நகத்தைக் கடித்தாள், வாலு பார்த்தாள். மேலாளர் இருமியிருப்பார் போல, கொஞ்சம் தாமதமாக வந்தது பதில்: 'பரவாயில்லை மேடம். ஓடிப்போக முடியாத ஆளா இருந்தா நல்லதுதான். பகுதி இருக்கட்டும்.'

"நான் ஒண்ணும் உனக்காகச் செய்யலை," என்றாள் வாலு, ஜன்னலைப் பார்த்தபடி. "சும்மா விளையாட்டுக்குத்தான்."

"விளையாட்டுக்கு வந்தவ முதல் தடவையே ஓடியிருப்பா," என்றாள் சித்தி. "மூஞ்சியை இந்தப் பக்கம் திருப்பு, பாக்கறேன்."