வாய் பிளந்த சிப்பிகள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஏரியிலிருந்துதான் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குக் குடிதண்ணீர் வருகிறது. அந்தக் குழாயைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மூன்று வருடங்களுக்கு முன் எங்கிருந்தோ ஒரு கறுப்புச் சிப்பி ஏரியில் வந்து சேர்ந்தது. முதலில் பத்து இருபதுதான் இருந்தன. மறுவருடம் குழாயின் வாயே தெரியவில்லை. தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் கத்தியால் வாராவாரம் சுரண்டினேன். என்றாவது தண்ணீர் நின்றுபோகுமோ என்று பயம்.

போன மாதம் ஒரு காலையில் கத்தி பட்டதுமே சிப்பிகள் உதிர்ந்தன. எல்லாம் வாய் பிளந்து செத்திருந்தன. சனியன் ஒழிந்தது என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் யோசித்தேன். நான் இத்தனை நாள் சுரண்டியும் தீராததை எது கொன்றது? மேட்டிலிருக்கும் புதுக் காய்கறித் தோட்டத்தில் முந்தின நாள் பூச்சிமருந்து அடித்திருந்தார்கள். இரவெல்லாம் மழை.

வால்வை அடைத்துவிட்டு லைனுக்கு ஓடினேன்.

"யாரும் தண்ணி குடிக்காதீங்க!"

"என்னண்ணே, சிப்பி செத்ததுக்கு நமக்குத் தீட்டா?" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். "கிராணிகிட்ட கேட்டுட்டு அடைங்க லா."

ஒரு சிப்பியை அவள் கையில் வைத்தேன். மோந்து பார்த்தாள். உள்ளே போய், உலைப் பானையைத் தூக்கி வந்து வாசலில் கவிழ்த்தாள்.

விடிகாலையில் நானும் என் மனைவியும் அதே தண்ணீரில் தேநீர் குடித்திருந்தோம்.

ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கு டவுனுக்கு அனுப்பினார். பதில் இன்னும் வரவில்லை. மனைவிக்குத் தலை வலித்தால் எனக்குத் திக்கென்கிறது.