வெங்கட்ராமின் ஒரு வருஷம்

கடலூர் முதுநகரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த சடையப்பன், குடிப்பதற்கு ஒருநாளும் வெட்கப்பட்டவரல்ல. கடைத்தெருக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு அவரைத் தூக்கிப்போய் வீட்டில் போட்டிருக்கிறார்கள். குடியை விடுவதற்குத்தான் அவருக்கு வெட்கமாக இருந்தது. முதுநகரிலேயே, நடந்துபோகும் தூரத்தில் குடிநோயாளிகள் கூட்டம் ஒன்று நடந்தது. அதை விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் பஸ்ஸில் போய்ச் சிதம்பரத்துக் கூட்டத்தில் சேர்ந்தார். உள்ளூரில் சேர்ந்தால் நாலு பேர் பார்த்துவிடுவார்களாம். மானஸ்தர்.

இது 2006-ல். மனைவி அமிர்தம் துணிமணியைக் கட்டிக்கொண்டு மேல்பட்டாம்பாக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். கணவரிடம் சத்தியங்களுக்குப் பஞ்சமில்லை. முருகன் மேல், மகள் தலை மேல், வேறெதுவும் கைக்கு எட்டாத ஒரு நாளில் புது மிக்ஸி மேலும் செய்திருந்தார். ஆகவே அவள் புதிதாக எதையும் கேட்கவில்லை.

“ஒரு வருஷம் குடிக்காம இருங்க. அப்பறம் பேசிக்கலாம்” என்றாள். அவ்வளவுதான்.

கூட்டத்தின் விலாசம் கிடைத்தது சிதம்பரத்து மதுக்கடை ஒன்றின் பின்பக்கச் சுவரில். ஆண்கள் அவசரமாக ஒதுங்கி, நிதானமாக நிற்கும் இடம். ஒரு நோட்டீஸை முழுசாகப் படிக்க அதைவிட வசதியான வாசகசாலை அந்த ஊரில் கிடையாது.

ஞாயிறு மாலைகளில் ஒரு நர்சரிப் பள்ளியில் கூடினார்கள். எல்.கே.ஜி. பெஞ்சில், முழங்கால் காதைத் தொடும்படி உட்கார்ந்துகொண்டு, சுவரிலிருந்து அணிலும் ஆடும் பார்த்துக்கொண்டிருக்க, மீசைக்காரர்கள் தத்தம் அக்கிரமங்களை ஒப்பித்தார்கள். சாக்பீஸ் வாசனை, எவர்சில்வர் டம்ளரில் சுக்குக் காபி, நடராஜர் கோயில் மணி அடிக்கும்போது பாதியில் நின்று, அது ஓய்ந்ததும் விட்ட இடத்தில் தொடரும் அழுகை. இப்போது, 2012-ல், கூட்டம் ஃபேன் போட்ட ஹாலுக்கு மாறிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியும் வந்துவிட்டது. “சாஞ்சி உக்காந்துகிட்டு மனுஷன் அழ முடியுமா?” என்று சடையப்பன் இன்றும் ஆதங்கப்படுவார்.

கூட்டத்தை நடத்தியவர் தாலுகா ஆபீஸில் ஓய்வுபெற்ற சேதுமாதவன். தானும் குடித்து மீண்டவர். முதல் நாள் அவர், “பேர் மட்டும் சொன்னாப் போதும். ஊர், தொழில் எதுவும் வேண்டாம்” என்று அபயம் அளித்தார். சடையப்பன் அந்தச் சலுகையைச் சற்று நீட்டித்துக்கொண்டு, “வெங்கட்ராம்” என்றார். முதுநகரில் பக்கத்து மளிகைக்கடைக்காரர் பெயர் அது. பாவம், மோரைத் தாண்டி எதையும் அறியாத மனிதர்.

அன்றிலிருந்து வெங்கட்ராம் அழுதார், வெங்கட்ராம் திருந்தினார். குமராட்சி மினிபஸ் டிரைவர் சுப்புராயன், “வெங்கட்ராம் மச்சான்” என்று தோளில் கைபோட்டுச் சிரித்தார். உண்மையைச் சொல்லிவிடச் சடையப்பன் ஒவ்வொரு வாரமும் நினைப்பார். இவ்வளவு பிரியமாகக் கூப்பிடுகிறவர்களிடம் எப்படிச் சொல்வது என்று அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைப்பார்.

வருஷம் முடிந்தது. குடிக்காத முதல் வருஷத்தைப் பிறந்தநாளாகக் கொண்டாடுவது அங்கே வழக்கம்; கேக்கை ஊட்டிவிட மனைவி வர வேண்டும். அமிர்தம் வந்தாள். பெண்கள் வந்தால் மட்டும் எடுக்கும் டீச்சர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தாள்.

“வெங்கட்ராம் முன்னாடி வரலாம்” என்றார் சேதுமாதவன்.

யார் வரப்போகிறார் என்று அமிர்தம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எழுந்து வந்தவர் தன் வீட்டுக்காரர். கேக்கில் சிவப்பு க்ரீமில் அடுத்த கடைக்காரர் பெயர்.

“யாருங்க வெங்கட்ராமு?” என்றாள்.

கோயில் மணியும் அந்த நேரம் பார்த்து அடிக்கவில்லை. ஒரு வருஷப் பாடும் கேக்கோடு சேர்ந்து கைவிட்டுப் போகிறது என்று சடையப்பனுக்குப் புரிந்தது.

“என் பேரு சடையப்பன்” என்றார் தலையைக் குனிந்துகொண்டு. “பயத்துல மாத்திச் சொல்லிட்டேன்.”

சுப்புராயன்தான் முதலில் வாய் திறந்தார். “அப்ப வெங்கட்ராமுக்கு ஒரு வருஷம் ஆயிடுச்சி. சடையப்பனுக்கு இன்னிக்குத்தான் மொத நாளா மச்சான்?”

விவாதம் கிளம்பியது. நாக்கு ஒன்றுதானே என்றது ஒரு கட்சி. பொய்யில் கட்டிய வருஷம் நிற்காது என்றது இன்னொன்று. பெயர் மாற்றத்தைக் கெஜட்டில் போடாமல் செல்லாது என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு சேதுமாதவன், “அம்மா, நீங்களே சொல்லுங்கோ” என்று ஃபைலை மேலிடத்துக்கு அனுப்பிவைத்தார்.

அமிர்தம் எழுந்தாள். “பொய் சொல்றது இவுருக்குப் புதுசில்லீங்க. இத்தினி வருஷமா குடிச்சிட்டுச் சொல்லிகிட்டு இருந்தாரு. குடிக்காம சொன்னது இதான் மொத தடவ.”

பெஞ்சுகள் அதிரச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கேக்கில் ஒரு துண்டை வெட்டி, ஊட்டாமல், கணவர் கையில் வைத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் சடையப்பன் பின்சீட்டிலிருந்து மரியாதையாக டிக்கெட் எடுத்தார். தனக்கு முதுநகர். அவளுக்கு அதைத் தாண்டி, மேல்பட்டாம்பாக்கம் வண்டி கிடைக்கும் கடலூர் பஸ் ஸ்டாண்ட். ஆலப்பாக்கம் தாண்டியது. கண்டக்டர், “முதுநகர் எறங்குறவங்க வாங்க” என்று குரல் கொடுத்ததும், அமிர்தம் அவருக்கு முன்னால் எழுந்து படிக்கட்டுக்குப் போனாள். கையிலிருந்த டிக்கெட்டை அப்போதுதான் பார்த்தாள்.

“பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்கு எடுத்தீங்க? காசு கொழுத்துப்போச்சா?” என்று திட்டிக்கொண்டே இறங்கி, வீட்டுப் பக்கமாக நடந்தாள்.