சிர் தரியாக் கரையில் ஒரு மரங்கொத்தி

மகள் உஸ்பெகிஸ்தானுக்கு மருத்துவம் படிக்கப் போன பிறகுதான் எங்கள் வீட்டில் அந்தப் பறவையைப் பற்றிய பேச்சு வந்தது. சிர் தரியா ஆற்றங்கரைக் காட்டில் அதைப் பார்த்துவிட்டு வந்து, வீடியோ காலில் மூச்சு வாங்கச் சொன்னாள்.

"அப்பா, நம்ம ஆத்தங்கரை மருத மரத்துல பாப்போம்லா, முதுகு பொன்னா இருக்குமே, அது இல்ல இது. கருப்பு மரங்கொத்தி. ரெக்கையில மட்டும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை."

என் மனைவி பள்ளி ஆசிரியை. பறவைகளில் அவளுக்கு நாட்டம் கிடையாது. ஆனாலும் கேட்டாள். "ஏட்டி, பனி பெய்யும்போது அது எங்க போவும்?"

"எங்கயும் போவாதும்மா. இங்கனதான் கிடக்கும். நீ வா, நான் காட்டுதேன்."

அதற்காகவே மனைவி பாஸ்போர்ட் எடுத்தாள்.

மகள் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, குளிர்காலத்தில், அவள் போன பேருந்து உறைபனியில் சறுக்கிக் கவிழ்ந்தது. அவளுடைய அறைத்தோழிதான் போன் செய்தாள். குலசேகரன்பட்டினம் பக்கத்துப் பெண். அழுகையில் அவள் பேசியது எனக்கு விளங்கவில்லை. "பைய சொல்லும்மா, பைய சொல்லு" என்றேன். அவள் பையச் சொன்னாள்.

பாளையங்கோட்டைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். மனைவி வேலையை விட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோவிலுக்கும் வருவதில்லை. வெயில் காலம் தொடங்கியபோது ஒருநாள், "நான் அங்க போவணும். அந்தப் பறவையப் பாக்கணும்" என்றாள். நான் விசாவுக்கு விண்ணப்பித்தேன்.

அறைத்தோழி எங்களைக் காரில் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனாள். நம் ஊர் மரம் ஒன்றுகூட இல்லாத காடு. வெளிறிய பாப்லர் மரங்கள், முட்புதர்கள், கலங்கிய தண்ணீர். நெடுநேரம் நின்றோம். பிறகு தட்டும் சத்தம் கேட்டது. தோழி கையை நீட்டினாள். பட்டுப்போன கிளையில் அது இருந்தது. பிடரியில் சிவப்பு; இறக்கையில் மகள் சொன்ன அதே வெள்ளை.

திரும்பிப் பார்த்தேன். மனைவி கண்களை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

"அந்தா இருக்கு பாரு" என்றேன்.

"அவ காட்டுதேன்னு சொன்னா. அவ இல்லாம நான் எப்படிப் பாக்க?"

பறவை ஆற்றைத் தாண்டிப் பறந்து போனது. அதன் பிறகே கண்ணைத் திறந்தாள்.

அறைத்தோழி மரத்தில் சாய்ந்து விம்மி அழுதாள். "நான்தான் கூட்டிட்டு வந்து உங்கள நோவடிச்சிட்டேன் அம்மா."

மனைவி அவள் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். "காலையில இருந்து நீ ஒண்ணும் சாப்பிடலியே" என்று பையைத் திறந்து, ஊரிலிருந்து கொண்டுபோன முறுக்கை எடுத்து அவள் கையில் வைத்தாள். மகள் போன பிறகு மனைவி யாரையும் சாப்பிடச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஊர் திரும்பியும் அவள் பள்ளிக்குப் போகவில்லை. அந்தப் பறவை எப்படி இருந்தது என்று என்னிடம் இதுவரை கேட்டதில்லை.