என் கையால் என் நெற்றிக்கு

குளித்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் நின்று திருநீறு எடுத்தேன். நெற்றிக்குப் போகவேண்டிய வலக்கை மார்புக்கு மேலே எழவில்லை. திருநீறு வேட்டியில் கொட்டியது. மனைவி காமாட்சியைக் கூப்பிட்டேன். சத்தம் வந்தது, பெயர் வரவில்லை.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து, உடம்பில் ஒரு பக்கம் செயலற்றுப் போவது) என்றார்கள். ஈசன் கருணையால் உயிர் தங்கியது. வீட்டில் என்னைத் தூக்கித் திருப்ப ஆள் இல்லை. உத்திரமேரூர் பக்கத்தில் உள்ள முதியோர் இல்லம் ஒன்றில் சேர்த்தார்கள். என்னைப் போலப் படுத்திருப்பவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் உதவும் என்றுதான் இதைச் சொல்லி எழுதவைக்கிறேன்.

காமாட்சி தினமும் காலை பஸ்ஸில் வருவாள். என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுக் கஞ்சி ஊட்டுவாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வாயைத் திறக்கமாட்டேன்.

திருநீறு இட்டுக்கொள்ளாமல் நான் பச்சைத்தண்ணீர்கூடக் குடித்ததில்லை. ஆனால் பெரியவனைப் படுக்கவைத்து அடுத்தவர் பூசுவது கடைசியில், பாடையில் ஏற்றும்போது, ஒரு தடவைதான். என் அப்பாவுக்கு அப்படிப் பூசியது நான். இதைச் சொல்ல நாக்கு புரளவில்லை.

விழுங்குவதில்தான் கோளாறு என்று டாக்டர் நினைத்தார். "நாளைக்கும் சாப்பிடலைன்னா டியூப் வெச்சிடலாம்மா" என்றார். (மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு செலுத்தும் குழாய்.) காமாட்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

என்னைக் கவனித்துக்கொண்டவர் எஸ்தர். அந்த இல்லத்தில் யாரையும் கேட்காமல் தொடமாட்டார்கள். வேட்டி மாற்றுவதென்றால் எஸ்தர் திரையை இழுத்துவிட்டு, "நைனா, மாத்தட்டுமா?" என்று கேட்டு என் கண்ணைப் பார்ப்பார். நான் கண்ணை மூடினால் சரி என்று அர்த்தம். மூடாவிட்டால் காத்திருப்பார். வாய் பேசாதவனிடம் ஒருவர் பதிலுக்குக் காத்திருப்பது எவ்வளவு பெரிய மரியாதை என்று படுத்தவனுக்குத்தான் தெரியும்.

டாக்டர் போனதும் எஸ்தர் காமாட்சியிடம், "ஏம்மா, நீ துன்னூறு எடுத்தாலே நைனா மூஞ்சிய திருப்பிக்கினு கீறாரே. கஞ்சி அப்புறந்தான வருது. இன்னான்னு அவர கேட்டியா?" என்றார்.

"இன்னாத்த கேக்கறது? பூசாம ஒரு நாள் இருந்ததில்ல இந்த மனுசன்."

எஸ்தர் என்னிடம் குனிந்தார். "நைனா, துன்னூறு வோணுமா?"

மூடினேன்.

"அம்மா பூசட்டுமா?"

மூடவில்லை.

"நீயே பூசிக்கணுமா?"

மூடினேன். திறந்தபோது கண்ணீர் வழிந்தது.

"பாத்தியாம்மா உங்க வூட்டுக்காரர் ரோசத்த" என்று சிரித்தார். "நான் சர்ச்சுக்குப் போறவ நைனா. உன் கைய புடிக்கலாமா?"

மூடினேன்.

என்னை உட்காரவைத்து, உணர்வில்லாத என் வலக்கையின் மூன்று விரல்களைத் திருநீற்றில் தோய்த்து, முழங்கையைத் தாங்கி முகத்துக்கு நேரே பிடித்தார். அதோடு நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். நான் தலையைக் குனிந்து, நெற்றியை விரல்களில் வைத்து இழுத்தேன். பட்டை கோணலாக விழுந்தது. மூக்கெல்லாம் சாம்பல்.

"பூச்சாண்டி மாரி கீற மாமா" என்றாள் காமாட்சி, அழுதுகொண்டே. அன்று கஞ்சிக் கிண்ணம் காலியானது. டியூப் வைக்கவேயில்லை.

இப்போது வீட்டில் இருக்கிறேன். பேச்சு குழறலாகத் திரும்பியிருக்கிறது. கை இன்னும் எழவில்லை. முன்பெல்லாம் கை தானாக நெற்றிக்குப் போகும். மனம் வேறெங்கோ இருக்கும். இப்போது காமாட்சி என் முழங்கையைத் தாங்கி, "பூசிக்கிறியா மாமா?" என்று கேட்டுக் காத்திருக்கிறாள். தலை இறங்கி விரலைச் சேர வெகுநேரம் ஆகிறது. அவ்வளவு நேரமும் நான் ஈசன் முன்னால்தான் இருக்கிறேன். அடுப்பில் பால் பொங்கினாலும் அவள் அவசரப்படுத்துவதில்லை.