உடுப்பிட்டி மருத்துவிச்சியும் பரமலிங்கத்தின் எருதும்

“மாட்டை விழுத்திக் கட்டி விதை நசுக்கி நலமடிக்கேக்கை ஆம்பிளையள் வேலியிலை நிண்டு பல்லிளிப்பாங்கள். தங்களுக்கு ஒரு சின்னக் கீறல் எண்டால் சீவன் போயிடும். தூ!”

ஆண்களைக் கருத்தடைக்குக் கூப்பிடப் போகும் உடுப்பிட்டி மருத்துவிச்சி இராசாத்தி ஒவ்வொரு நாளும் இதைச் சொல்லித்தான் சைக்கிளில் ஏறுவாள்.

தொண்ணூற்றிரண்டில் பரமலிங்கம் வீட்டில்தான் அந்தத் ‘தூ’ அவளுக்கு உண்மையாகவே வந்தது. அவன் மனைவி அருந்ததிக்கு நாலு பிள்ளைகள். கடைசிப் பேற்றில் இரத்தம் நிற்காமல், ஆள் தப்பியதே பெரும்பாடு. இதயமும் பலவீனம். இன்னொன்று தங்கினால் அவள் மிஞ்சமாட்டாள், மயக்கமருந்து கொடுத்துக் கருத்தடைக்கு அவளை வெட்டவும் பயம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மிச்சம் பரமலிங்கம்தான். அவனோ அவளின் சைக்கிள் மணி கேட்டாலே வீட்டுக் கோடிப்பக்கத்தால் தோட்டத்துக்கு மாறிவிடுவான்.

போர்த்தடையில் மண்ணெண்ணெய் இல்லாமல் தண்ணீர் இறைக்கும் மெஷின் மூலையில் கிடக்க, கிணற்றுத் துலாவில் ஆள் ஏறி மிதித்து இறைத்த காலம்.

“என்ரை பிள்ளை துலா மிதிக்கிறவன்,” என்றாள் அவன் தாய் சின்னாச்சி, வெற்றிலையைத் துப்பி. “அவன்ரை பெலன் போனால் ஆர் இறைக்கிறது? அவளுக்கே செய்துவிடுங்கோவன்.”

“வெங்காயத்துக்குத் தண்ணி விட இவளைச் சாக்கொல்லப் போறியளோ?” என்றாள் இராசாத்தி.

அடுத்த மாதம் அருந்ததிக்கு மாதவிலக்குத் தள்ளிப்போனது. கிணற்றடியில் குந்தியிருந்து பிள்ளைகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். பிந்தி வந்துவிட்டதுதான். ஆனால் அந்த அழுகையைப் பரமலிங்கம் வாழைக்குள் நின்று கேட்டான். மறுநாள் தானாகவே மருத்துவிச்சியிடம் போய் நின்றான்.

அவள் கூட்டிப்போய் விட, டொக்டர் சலரோகம், குடலிறக்கம், இரத்தம் உறையாத வருத்தம், ஒவ்வாத மருந்து எல்லாம் விசாரித்துச் சோதித்தார்.

“நாளைக்கு ஷெல் விழுந்து பிள்ளையளுக்கு ஒண்டு நடந்தால்? வெட்டின குழாயைத் திருப்பி இணைச்சாலும் பிள்ளை பிறக்கும் எண்டு நிச்சயமில்லை. யோசிச்சனீங்களோ?”

“பிறகு பெறுறதெண்டாலும் அவதானே சாகவேணும், டொக்டர்.”

“வேறை ஏதும் கேக்க இருக்கோ?”

பரமலிங்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான். “எங்கடை எருது நலமடிச்ச பிறகு பசுவைக் கண்டாலும் படுத்திருந்து அசை போடுது. நானும் அப்பிடியோ?”

டொக்டர் சிரிக்கவில்லை. “அது விதையை நசுக்கிறது. இது குழாயை வெட்டிக் கட்டுறது மட்டும். ஆம்பிளைத்தனம் ஒண்டும் போகாது. ஒரு கிழமை துலா மிதியாதேங்கோ. மூண்டு மாதம் உறை பாவிச்சு, விந்தைச் சோதிச்ச பிறகுதான் நம்பலாம்.”

வெளியே வந்ததும், கதவடியில் நின்று கேட்டிருந்த இராசாத்தி பிடித்துக்கொண்டாள். “உதைக் கேக்கவோ இவ்வளவு நாளும் ஒளிச்சுத் திரிஞ்சனீ?”

“வெக்கம், அக்கா.”

“வெக்கமோ? அவள் சாகக் கிடக்கிறாள், உனக்கு எருதின்ரை கவலை. தூ!”

அவனுக்கு வெட்டிக் கட்டிய அந்தக் கிழமை, அவனுக்குப் பதிலாகத் துலா மிதித்தவர்கள் வேலியில் நின்று பல்லிளித்த அதே ஆட்கள்தான். இராசாத்தியின் வாய்க்குப் பயந்து வந்தார்கள். அருந்ததி இன்றைக்கும் உயிரோடு வெங்காயம் நடுகிறாள்.

உடுப்பிட்டிப் பக்கம் போனால் இராசாத்தியைப் போய்ப் பாருங்கள். முக்கியமாக ஆண்கள். கட்டாயம் திட்டுவாள், கேட்டதற்குப் பதிலும் சொல்லுவாள். வீட்டில் ஒருத்தி கிணற்றடியில் இருந்து அழுமட்டும் பார்த்துக்கொண்டிராமல் போங்கள்.